ஆப்பிள்ல என்னென்ன கெமிக்கல் இருக்குன்னு லேப்ல எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ஒரே மெஷின்ல போட்டா மொத்த லிஸ்ட்டும் வந்துடுமான்னு கேட்டிருக்கீங்க, வராதுங்க. எதைத் தேடுறோமோ அதுக்குத் தகுந்த மெஷின். வாசனைன்னா ஹெக்சைல் அசிடேட், பியூட்டைல் அசிடேட் மாதிரி எஸ்டர்ஸ், அதுக்கு ஜிசி-எம்எஸ் (ஆவியாகற பொருள்களைப் பிரிச்சு, எடையை வச்சு அடையாளம் காட்டற மெஷின்). சர்க்கரைக்கு ஹெச்பிஎல்சி (கரைசலை ஒரு குழாய் வழியா அழுத்தி விட்டு, உள்ள இருக்கறதைப் பிரிக்கிற மெஷின்) தான், ஆனா ஆர்ஐ டிடெக்டர் (கரைசல்ல ஒளி எவ்வளவு வளையுதுன்னு பாக்கறது) வேணும், ஃப்ரக்டோஸ் எல்லாம் புற ஊதா ஒளியை வச்சுப் பாக்கற யூவி டிடெக்டர்ல சரியா தெரியாது. நான் லேப்ல பண்ணது பாலிஃபீனால் (நிறம், துவர்ப்பு மாதிரி விஷயங்களுக்குக் காரணமான பொருள்கள்), அதனால அதைப் பத்தி தான் விவரமா சொல்ல முடியும்.

இதுல மெஷினை விட சாம்பிள் எடுக்கறது தான் பெரிய வேலை. ஆப்பிளை வெட்டினா பழுப்பாகுதே, அது பாலிஃபீனால் ஆக்சிடேஸ்ங்கற என்சைம் பண்ற வேலை, குளோரோஜெனிக் ஆசிட், எபிகேட்டச்சின்னு நாம அளக்கப் போறதையே அது காலி பண்ணிட்டு இருக்கும். அதனால வெட்டின துண்டை உடனே லிக்விட் நைட்ரஜன்ல போட்டுடுவோம், மைனஸ் 196 டிகிரி, புஸ்ஸுன்னு பொங்கி அடங்கினப்புறம் எடுத்து தட்டுல போட்டா கூழாங்கல் மாதிரி டொக்குன்னு விழும், அப்படியே பொடிச்சு ஃப்ரீஸ் டிரையர்ல வச்சுட்டா தண்ணி போயிடும், என்சைமும் அடங்கிக் கிடக்கும். தோலையும் சதையையும் தனித்தனியா எடுக்கணும், குவர்செட்டின் வகை எல்லாம் பெரும்பாலும் தோல்ல தான். விதையும் கலந்துடக் கூடாது, ஃப்ளோரிட்சின்ங்கற பாலிஃபீனால் அதுல ஜாஸ்தி, ரிசல்ட்டே மாறிடும்.

அப்புறம் மெத்தனால்-தண்ணி கலவைல எக்ஸ்ட்ராக்ட் பண்ணி (புரோசயனிடின்ங்கற பெரிய பாலிஃபீனால்களுக்கு அசிட்டோன்-தண்ணி பெட்டர்), ஃபில்டர் பண்ணி ஹெச்பிஎல்சில இருக்கற சி18 காலம்ல (column, பொருள்களைப் பிரிக்கிற குழாய்) விடுவோம். டிடெக்டர்ல 280 நானோமீட்டர் வச்சா கேட்டச்சின், புரோசயனிடின், ஃப்ளோரிட்சின், 320 பக்கம் குளோரோஜெனிக் ஆசிட், 350ல குவர்செட்டின், 520ல தோலோட சிவப்பு நிறம். ஸ்டாண்டர்ட் (பேர் தெரிஞ்ச சுத்தமான பொருள்) வர்ற அதே நேரத்துல பீக் (வரைபடத்துல எழும்பற மேடு) வந்துடுச்சுன்னு மட்டும் பேர் எழுதிடாதீங்க, எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுங்கற ஸ்பெக்ட்ரமும் ஒத்துப் போகணும், சந்தேகம்னா மாஸ், அதாவது மூலக்கூறோட எடை பாத்துடறது நல்லது.

இந்த ஃப்ளோரிட்சின் சுவாரசியமான ஆளு. 1835லயே ஆப்பிள் மரப்பட்டைல இருந்து பிரிச்சு எடுத்துட்டாங்க. மத்த பழங்கள்ல இது ரொம்ப அபூர்வம், அதனால விலை கூடின வேற பழ ஜூஸ்ல இந்த பீக் தலை காட்டுச்சுன்னா ஆப்பிள் ஜூஸ் கலந்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

நிறைய பேர் ஃபோலின் டெஸ்ட் (ஃபீனால் இருந்தா நீல நிறம் வர்ற டெஸ்ட்) பண்ணி, 765 நானோமீட்டர்ல ரீடிங் எடுத்து "மொத்த ஃபீனால் இவ்ளோ"ன்னு புராஜெக்ட் முடிச்சிடறாங்க. வைட்டமின் சி இருந்தாலும் அந்த நீல நிறம் வரும் பாஸ், ரெண்டு ரகத்தை ஒப்பிடறதுக்கு ஓகே, அதுக்கு மேல அந்த நம்பரை நம்ப மாட்டேன்.

உங்க காலேஜ்ல ஹெச்பிஎல்சி இல்லேன்னா ஆப்பிளோட புளிப்புக்குக் காரணமான மாலிக் ஆசிட்டை டைட்ரேஷன் பண்ணி (காரத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு) அளங்க, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு போதும், ஆனா ஜூஸ் பழுப்பா இருக்கும்போது முடிவைக் காட்டற ஃபீனால்ஃப்தலீனோட பிங்க் சரியா தெரியாது, பிஹெச் மீட்டரை வச்சு 8.1 - 8.2 வந்ததும் நிறுத்திடுங்க.