பேட்டரி 100 காட்டுகிறது, ஆனால் நாள் முழுக்க நிற்கவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்மார்ட்போனில் 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருக்கிறது. முன்பு ஒரு முறை சார்ஜ் செய்தால் மறுநாள் காலை வரை நிற்கும். இப்போது மாலை நான்கு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. பேட்டரியின் நலம் 82 சதவீதம் என்று செட்டிங்ஸில் காட்டுகிறது, ஆனால் சார்ஜ் 100 வரை ஏறத்தான் செய்கிறது. சில நாள் 15 சதவீதம் மீதி இருக்கும்போதே கடலில் வைத்து அணைந்துபோகிறது. இரவு முழுவதும் சார்ஜில் போட்டதுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், குளச்சல்

பதில்: நீங்கள் பார்க்கும் இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகள். நம் மாவட்டத்தில் குளங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பல ஆண்டுகளாகத் தூர்வாராத குளமும் மழைக்காலத்தில் நிறைந்து மறுகால் பாயும். ஆனால் அடியில் படிந்த வண்டல் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டதோ, அவ்வளவு தண்ணீர் அதில் குறைவு. திரையின் மேல்மூலையில் தெரியும் 100 என்பது குளம் இன்று நிறைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. 82 என்பது குளமே எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. உங்கள் பேட்டரி இப்போது ஏறத்தாழ 4,100 மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். அதுவும் போன் தானே கணித்துச் சொல்லும் மதிப்பீடு என்பதால், ஒன்றிரண்டு புள்ளி முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் வண்டல் போலப் படிவது ஒரு மெல்லிய படலம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனைக்குள் சென்று தங்குகின்றன. அந்த முனையின் மேல், அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி சிதைவதால் உண்டாகும் படலம் சிறிது சிறிதாகத் தடிக்கிறது. படலம் ஓரளவுக்குத் தேவையானதுதான், அது இல்லாவிட்டால் மின்பகுளி தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் தடிக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் லித்தியத்தைத் தன்னோடு பூட்டிக்கொள்கிறது, பூட்டப்பட்ட லித்தியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. குளத்தையாவது தூர்வாரலாம், இதைத் தூர்வார எந்தச் செயலியாலும் முடியாது. பேட்டரியைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நம்பி ஏமாறாதீர்கள்.

15 சதவீதத்தில் அணைவதும் இந்த முதுமையோடு சேர்ந்தது. வயதாக ஆக பேட்டரியின் உள்மின்தடை கூடுகிறது. குளத்தில் தண்ணீர் இருந்தும் மடை பாதி அடைபட்டிருப்பது போன்ற நிலை அது. கேமராவைத் திறக்கும்போதோ அழைப்பு இணையும்போதோ போன் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்க, மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. மீதிச் சார்ஜ் உள்ளேயே இருக்க, போன் அணைந்துவிடுகிறது.

கடைக்காரர் சொன்னது முழு உண்மை இல்லை. பேட்டரி நிறைந்ததும் இன்றைய போன்கள் தாமே சார்ஜை நிறுத்திக்கொள்கின்றன. பேட்டரியை வேகமாக மூப்படையச் செய்பவை வெப்பமும், நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் இருப்பதும். இரண்டும் சேரும்போதுதான் கேடு மிகுதி. தலையணைக்கு அடியில் வைத்து விடியவிடிய சார்ஜ் செய்தால் அந்த இரண்டும் சேர்ந்துவிடும். 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்தினால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. நண்பகல் வெயிலில், பாலித்தீன் உறைக்குள், வள்ளத்தின் பலகை மேல் கிடக்கும் போன் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். தண்ணீர் படாமல் காப்பது முக்கியம்தான், ஆனால் நிழலிலும் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் 18 சதவீதக் குறைவு மட்டும் மறுநாள் காலையை மாலை நான்கு மணியாக்கிவிடாது. கரையை விட்டு விலகும்போது கோபுரத்தின் சிக்னல் மெலிகிறது. போன் அதைத் தேடிக்கொண்டும், தன் அலைபரப்பும் திறனைக் கூட்டிக்கொண்டும் பேட்டரியைக் கரைக்கிறது. சிக்னல் அறவே கிடைக்காத இடத்தில் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள்; ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும்.

வீட்டில் இருக்கும் நாள்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் பயன்படுத்துங்கள். கடலுக்குப் போகிற நாளில் தயங்காமல் 100 வரை ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். ஆபத்தில் ஒரு அழைப்புக்கு உதவாத பேட்டரியைப் பத்திரப்படுத்தி என்ன பயன்? உங்கள் நிலையில் நான் பேட்டரியை மாற்றிவிடுவேன். 82 என்ற எண்ணைவிட, நடுக்கடலில் திடீரென்று அணைவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாற்றும்போது போனின் பின்மூடியைத் திறப்பார்கள், தண்ணீர் புகாமல் காக்கும் பசை அப்போது பிரியும். புதிய பசை இட்டு மூடச் சொல்லுங்கள், அதன்பிறகும் உப்புத்தண்ணீரிலிருந்து கூடுதலாகக் காத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார்ஜ் முழுவதும் இறங்கிய பிறகே ஏற்ற வேண்டும், அடிக்கடி செருகினால் சார்ஜ் கணக்கு வீணாகும் என்கிறார் அண்ணன். சரியா?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட பாடம். லித்தியம் அயனியில் இன்று 50 சதவீதமும் நாளை 50 சதவீதமும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பின்னும், ஐபோன் 15 மாடல்கள் 1,000 சுழற்சிகளுக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுழற்சிகள் என்று விதியே வந்துவிட்டது. பூச்சியம் வரை இறக்குவதால் நன்மை இல்லை, அண்ணனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்த போனை ஓராண்டாக அலமாரியில் வைத்திருந்தோம். இப்போது பின்மூடி உப்பியிருக்கிறது. சார்ஜ் செய்து பார்க்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கியிருக்கிறது. மூடியை அழுத்தாதீர்கள், ஊசி கொண்டு துளைக்காதீர்கள். துணி, காகிதம், ரப்பர் ஷீட் ஆகியவற்றிலிருந்து தள்ளி, சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் பேட்டரி வீங்கியது என்று முன்கூட்டியே சொல்லிக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். இனி ஒரு போனை எடுத்து வைப்பதானால், பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள்.