ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரிட்டனின் நலிந்த மீன்பிடி நகரங்களுக்கு என்ன கிடைத்தது?

கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்கள் தேர்வுக்கோ பட்டிமன்றத்துக்கோ குறிப்பு எடுப்பவர் என்று தோன்றுகிறது. "கடல் உரிமை கொஞ்சம் கூடியது, சந்தை சுருங்கியது" என்று எழுதிக்கொண்டால் உங்கள் வேலை முடிந்துவிடும். அதில் பிழையும் இல்லை. நான் அதற்கு மேல் எழுதக் காரணம், இதே கேள்விக்கு முன்பே வந்திருக்கும் ஒரு பதில். "படிப்பறிவில்லாத மீனவர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள்" என்கிறது அது. எழுதியவர் லண்டன்வாசி. நான் கிரிம்ஸ்பியில் வசிக்கிறேன். அவர் இளக்காரமாகப் பேசும் அந்த மனிதர்கள் என் அக்கம்பக்கத்தார்.

கிரிம்ஸ்பி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் முகத்துவாரத்தில் இருக்கிறது. 1950களில் உலகத்தின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பெயரெடுத்த ஊர். இன்று துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்களைவிடக் கடல் காற்றாலைகளுக்குப் போய்வரும் பணிப்படகுகள்தான் கண்ணில் படுகின்றன. 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் எங்கள் வட்டாரத்தில் பத்தில் ஏழு பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். ஏன் என்று கேட்காமல் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இளவயதில் இழுவைக் கப்பலில் ஏறி ஐஸ்லாந்துக் கடலுக்குப் போனவர். கம்பிகளிலும் கைப்பிடிகளிலும் உறையும் பனியைக் கோடரியால் வெட்டிக் கடலில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மேல்பாரம் ஏறிக் கப்பல் கவிழ்ந்துவிடும் என்று சொல்வார். 1968-இன் தொடக்கத்தில் அடுத்துள்ள ஹல் துறைமுகத்தின் மூன்று கப்பல்கள் சில வாரங்களுக்குள் மூழ்கி 58 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட தொழிலைச் செய்தவர்கள் இவர்கள்.

அந்தத் தொழிலைக் கொன்றது எது? ஐரோப்பிய ஒன்றியம் என்று அவர் சொல்வார். நான் முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை. ஐஸ்லாந்து 1972-இல் தன் மீன்பிடி எல்லையை 50 கடல் மைலாகவும், 1975-இல் 200 கடல் மைலாகவும் விரித்தது. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பிப் பார்த்தது. தன் மண்ணிலிருந்த நேட்டோ ராணுவக் கூட்டணியின் தளத்தை மூடிவிடுவோம் என்று ஐஸ்லாந்து மிரட்டியதும் 1976 ஜூனில் பிரிட்டன் பணிந்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஆன்டனி கிராஸ்லாந்து வேறு யாருமல்ல, கிரிம்ஸ்பியின் நாடாளுமன்ற உறுப்பினர். சொந்தத் தொகுதியின் பிழைப்பை முடித்துவைக்கும் உடன்படிக்கை அவர் காலத்தில்தான் வந்தது.

ஆனால் பெரியவரின் கோபத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. உறுப்பு நாடுகளின் கடல் எல்லோருக்கும் பொது என்ற விதியை ஏற்றுக்கொண்டுதான் சேர முடிந்தது. அதே விதி பிடிக்காமல் நார்வே மக்கள் 1972-இல் சேர மறுத்தார்கள். தூரத்துக் கடல் பறிபோன அதே ஆண்டுகளில், உலகமெல்லாம் 200 மைல் எல்லை கேட்டுக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் மீனவனுக்குச் சொந்தக் கடலும் முழுதாகக் கிடைக்கவில்லை. வேலை போனவர்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் தரவில்லை. இருபது ஆண்டு கடலில் கிடந்தவர்களையும் "தற்காலிகத் தொழிலாளர்" என்று கணக்கெழுதினார்கள். ஐஸ்லாந்துக் கடலில் பிழைப்பை இழந்தவர்களுக்கென்று அரசு இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தது 2000-இல்தான். ஓராண்டு வேலைக்கு 1,000 பவுண்டு, உச்சவரம்பு 20,000. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு வாக்குச்சீட்டை நீட்டி "சொல்" என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

நான் யாழ்ப்பாணம் குருநகரில் கடற்றொழிலாளியின் வீட்டில் பிறந்தவன். போர்க்காலத்தில் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டபோது கரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஆண்களின் முகம் எனக்குத் தெரியும். இதைச் சொல்வதால் உணர்ச்சிவசப்படுகிறான் என்று யாரும் எழுத வேண்டாம். பெரியவரின் கோபம் எனக்கு ஏன் புரிகிறது என்பதற்காகத்தான் சொன்னேன்.

இனி வெளியேறிய பிறகு நடந்தது. நண்டும் சிங்கி இறாலும் ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. எங்களுக்குச் சரக்கு வருவது வடக்கே பிரிட்லிங்டன், விட்பி கரைகளில் கூடு வைத்துப் பிடிக்கும் சிறு படகுகளிடமிருந்து. 2020 டிசம்பர் வரை ஒரு பற்றுச்சீட்டும் பெட்டி விவரத் தாளும் போதும். மாலையில் லாரி ஏற்றினால் மறுநாள் காலையில் சரக்கு பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் இருக்கும்.

2021 ஜனவரியில் நிலைமை தலைகீழானது. எந்தப் படகு பிடித்தது, அதன் பதிவு எண், எப்போது கரையில் இறக்கியது, எடை என்ன என்று ஒரு பிடிப்புச் சான்றிதழ். சுங்க அறிவிப்பு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு சுகாதாரச் சான்றிதழ். பக்கம் பக்கமாக முத்திரை வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் அச்சின் நிறத்திலிருந்து வேறுபட்ட மையில் இருக்க வேண்டும். நமக்குப் பொருந்தாத வாசகம் ஒவ்வொன்றையும் கோடு போட்டு அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்த கால்நடை மருத்துவர் ஸ்பெயின் நாட்டுப் பெண். பொறுமைசாலி. ஒரே நாளில் பல ஊர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

சிறிய நிறுவனம் தனி லாரி பிடிக்க முடியாது. பல ஏற்றுமதியாளர்களின் பெட்டிகள் ஒரே லாரியில் போகும். அந்த மாதத்தில் ஒரு லாரியில் எங்கள் தாள்கள் சரியாகவே இருந்தன. வேறொருவரின் சான்றிதழில் அடிக்க வேண்டிய ஒரு வாசகம் அடிக்கப்படாமல் இருந்தது. லாரி முழுவதும் பூலோனில் நின்றுவிட்டது. சிங்கி இறால் உயிரோடு போய்ச் சேர வேண்டிய சரக்கு. ஈரத்துணி போர்த்தி, கொடுக்கில் ரப்பர் வளையம் மாட்டி, குளிர்ந்த பெட்டியில் அடுக்கினால் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். விடுவிக்கப்பட்ட பிறகு வாங்குபவர் எனக்கு ஒரு காணொளி அனுப்பினார். உயிருள்ள சிங்கியைத் தூக்கினால் வாலை உள்ளே சுருட்டிக்கொள்ளும். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் வால் துவண்டு தொங்கியது. செத்த சிங்கிக்கு விலை கிடையாது. பிரிட்லிங்டன் மீனவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. அவர் கத்தவில்லை. "டீசலுக்காவது தேறுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் வாங்குபவர், இனி அயர்லாந்துச் சரக்கை எடுத்துக்கொள்வதாகவும் அதற்கு இந்தக் காகிதம் எதுவும் வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்.

அதே மாதம் 14-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக், இவை இப்போது பிரிட்டிஷ் மீன்கள், அதனால் முன்பைவிட மகிழ்ச்சியாக இருக்கின்றன என்று பேசினார். நான்கு நாள் கழித்து ஸ்காட்லாந்து ஏற்றுமதியாளர்கள் தங்கள் லாரிகளை லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் ஒயிட்ஹால் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் முதலாளி அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

"அது கொரோனா காலம், பிரெஞ்சு உணவகங்களே மூடிக் கிடந்தன" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், விலை விழுந்ததற்கு அதுவும் காரணம். ஆனால் உணவகங்கள் திறந்த பிறகும் சான்றிதழ்த் தொல்லை போகவில்லை. "பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிட்டனவே" என்பார்கள். ஆம், சமாளித்தன. ஒரு சான்றிதழுக்கான கட்டணம் இருபது டன்னுக்கும் ஒன்றுதான், இருநூறு கிலோவுக்கும் ஒன்றுதான். "உன் சம்பளம் ஏற்றுமதியில் வருகிறது, அதனால் பேசுகிறாய்" என்றால், பேசாமல் வேறு யார் பேசுவது?

தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தச் சிறு படகுகள் ஏன் நண்டையும் சிங்கியையும் நம்பி வாழ்கின்றன? அவற்றுக்குக் கோட்டா, அதாவது இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீடு, கிடையாது; உரிமமுள்ள படகுகள் பிடிக்கலாம். கோட்டா உள்ள மீன் சிறு படகுக்காரர் கைக்கு வருவதே அரிது. பிரிட்டனின் மீன்பிடிப் படகுகளில் பெரும்பான்மை பத்து மீட்டருக்குக் குறைந்தவை. ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் கோட்டா மிகச் சொற்பம். இங்கிலாந்துக் கோட்டாவின் மதிப்பில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் கொடி கட்டிய, வெளிநாட்டு முதலாளிகளுக்குச் சொந்தமான கப்பல்களிடம் இருந்தது. அதைப் பகிர்ந்துகொடுத்தது ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸ் இல்லை. பிரசல்ஸ் நாட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தது. உள்ளூரில் யாருக்கு என்று முடிவு செய்து, கைமாற விட்டு வேடிக்கை பார்த்தது லண்டன். எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், அப்படியே இருக்க, கடலுக்கு மட்டும் சொந்தக்காரர் மாறினார்.

2020 டிசம்பர் 24 உடன்படிக்கைப்படி, பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடிக்கும் மீனின் மதிப்பில் 25 விழுக்காடு ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாகப் பிரிட்டனுக்கு வர வேண்டும். வந்தது. ஸ்காட்லாந்தின் பெரிய கானாங்கெளுத்திக் கப்பல்களுக்கு அதில் நல்ல பங்கு கிடைத்தது. அதை மறைக்க மாட்டேன். கிரிம்ஸ்பிக்கு என்ன வந்தது என்று பெரியவரைக் கேட்டால் கையை விரிக்கிறார். ஹல்லில் மிஞ்சியிருந்த தூரக்கடல் கப்பல் கிர்கெல்லா, ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கையை வைத்து நார்வே கடலில் காட் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 2021-இல் பிரிட்டனும் நார்வேயும் உடன்பாட்டுக்கு வரவில்லை. அந்த ஆண்டு அந்தக் கடலும் போனது.

கிரிம்ஸ்பியில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் மீனால்தான் பிழைக்கிறார்கள். ஆனால் அது பதப்படுத்தும் தொழிற்சாலை வேலை. அங்கே வெட்டப்படும் காட், ஹாடக் மீன்களில் பெரும்பகுதி ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் கொள்கலனில் வருகிறது. அந்த இரு நாடுகளும் ஒன்றியத்தில் சேரவில்லை. கடலைத் தங்களிடமே வைத்துக்கொண்டு சந்தையோடும் ஒட்டிக்கொண்டன. மீன்பிடி உரிமைக்காகவே 1985-இல் வெளியேறிய கிரீன்லாந்தும் மீனைச் சுங்கவரி இல்லாமல் ஒன்றியத்துக்குள் விற்கும் வழியைக் கையோடு பேசி முடித்தது. வெளியேறுவது அல்ல, எதைப் பேசி வாங்கிக்கொண்டு வெளியேறுவது என்பதில்தான் பிரிட்டன் கோட்டைவிட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையோர ஊர்களில் அரசு சுகாதாரச் சேவையில் பல் மருத்துவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் மனைவி கடைவாய்ப்பல் வீங்கி இரவெல்லாம் தூங்காமல் தவித்தபோது, நான் அழைத்த ஒவ்வொரு இடத்திலும் "புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்றார்கள். தனியார் மருத்துவரிடம் காசு கொட்டிப் பிடுங்கினோம். காசில்லாத என் தொழிற்சாலை நண்பர்கள் வலிமாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வருகிறார்கள். பிரசல்ஸுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் "எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை" என்று இந்த ஊர் சொல்லும்போது, அதில் பல்லும் அடக்கம்.

2025 மே மாதம் புதிய உடன்பாடு வந்திருக்கிறது. ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதி 2038 ஜூன் வரை நீள்கிறது. சுகாதாரச் சான்றிதழ்த் தொல்லையை நீக்கும் ஏற்பாட்டைப் பேசி முடிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். மீனவர் சங்கங்கள் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கொதிக்கின்றன. நான் அந்தச் சான்றிதழ் ஒழிந்தால் போதும் என்று காத்திருக்கிறேன். பெரியவரும் நானும் இதில் ஒத்துப்போக மாட்டோம். கரையோர ஊர்களுக்கென்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 36 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அது பத்து மீட்டர் படகுக்காரருக்கும், பனிக்கட்டி ஆலையும் ஏலக்கூடமும் இல்லாமல் தவிக்கும் சிறு துறைகளுக்கும் போக வேண்டும். கூடுதலாக வந்த கோட்டாவில் ஒரு பகுதியை அந்தப் படகுகளுக்கென்றே பிரித்து எழுத வேண்டும் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதையே கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.