புல் கெண்டையின் கழிவு பச்சையாக இருப்பது ஏன்?

கேள்வி: எங்கள் குளத்துப் புல் கெண்டைகளுக்கு அன்றாடம் வேலம்பாசியும் நேப்பியர் புல்லும் போடுகிறோம். அவற்றின் கழிவை அலசிப் பார்த்தால் புல் துணுக்குகள் பச்சை மாறாமல் கிடக்கின்றன. மீனுக்குச் செரிமானக் கோளாறா? மாட்டைப் போல இதற்கும் அசை போடும் இரைப்பை உண்டா?
– தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: கோளாறு ஏதுமில்லை. 1959இல் ஹாங்காங்கிலிருந்து ஒடிசாவின் கட்டாக்கிற்குக் கொண்டுவரப்பட்டு நம் குளங்களுக்குப் பரவிய இந்தச் சீன மீனுக்கு, கெண்டைக் குடும்பத்தின் மற்ற மீன்களைப் போலவே, இரைப்பையே கிடையாது. ஆகவே புல்லை ஊறவைக்கும் அமிலமும் இல்லை, புரதத்தை உடைக்கும் பெப்சின் நொதியும் இல்லை. உணவு தொண்டையைக் கடந்தவுடன் நேரே குடலுக்குள் போய்விடுகிறது.

மாட்டுக்கு இரைப்பை செய்யும் வேலையில் ஒரு பங்கை இதற்குத் தொண்டைப் பற்கள் செய்கின்றன. அரம் போன்ற விளிம்புடைய அப்பற்கள், மண்டையோட்டின் அடியிலுள்ள கடினமான திண்டின் மீது புல்லை அழுத்தி அறுத்து அரைக்கின்றன. செடியின் செல்சுவரைக் கரைக்கும் நொதி மீனிடம் இல்லை. குடல் நுண்ணுயிர்கள் ஓரளவு உதவினாலும், உணவு சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுவதால் மாட்டின் வயிற்றில் நடப்பது போன்ற நீண்ட நொதித்தலுக்கு அங்கே அவகாசமில்லை. எனவே பற்களிடையே சிக்கி உடைந்த செல்களின் சாறு மட்டுமே ட்ரிப்சின், அமிலேஸ் முதலிய நொதிகளின் கைக்கு எட்டுகிறது. உடையாத செல்கள் பச்சையம் குலையாமல் வெளியே வந்துவிடுகின்றன. நீங்கள் அலசிப் பார்த்தது அவற்றைத்தான். உண்டதில் ஏறத்தாழ பாதி இப்படிச் செரிக்காமலே கழிகிறது. இலைதழை தின்னும் மீனுக்குக் குடல் மிக நீளமாக இருக்கும் என்பது பொது விதி. புல் கெண்டையின் குடலோ உடல் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்குதான். குறைவாகச் செரித்தாலும் நிறையத் தின்று ஈடுகட்டுவதே இதன் வழி.

உடைந்த புரதம் பெரும்பாலும் குடலின் முற்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. முழுதும் உடையாத புரத மூலக்கூறுகளைப் பிற்பகுதியின் செல்கள் அப்படியே விழுங்கிக்கொள்கின்றன. புல்லோடு தவிடும் பிண்ணாக்கும் கொடுப்பவர்களுக்குப் பாஸ்பரஸ்தான் சிக்கல். அவற்றில் அது பெரும்பாலும் ஃபைட்டேட் என்னும் சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால், அமிலமும் உரிய நொதியும் இல்லாத இம்மீனுக்கு அதிகம் கிடைப்பதில்லை. கைத்தீவனம் தயாரிப்பவர்கள் மோனோகால்சியம் பாஸ்பேட் என்னும் பாஸ்பரஸ் உப்பைச் சேர்ப்பது அதனால்தான்.

முற்றி நார் ஏறிய புல்லை விட இளம் புல்லே நல்லது. சிறிய மீன்களுக்கு அதையும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள் மிதவை உயிரிகளைத் தின்பவை. அவற்றுக்குப் புல் வேண்டாம். வீணாவதாக நீங்கள் கவலைப்படும் அந்தப் பச்சைக் கழிவோ குளத்துக்கு உரமாகி மிதவை உயிரிகளைப் பெருக்குகிறது. உடன் வளரும் வெள்ளிக் கெண்டைக்கும் கட்லாவுக்கும் அந்த உயிரிகளே தீனியாகின்றன.