மூட்டுவலி உள்ள வயதான அம்மாவுக்கு எடை குறைந்த சமையல் பாத்திரம் எதை வாங்கலாம்?

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, விரல் மூட்டுகளில் வலி, வீட்டில் இருக்கும் பாத்திரங்களைத் தூக்க முடியவில்லை, ஆனாலும் அடுப்படியை விட மனசில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் மாமியாருக்கும் இதே பாடுதான், கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. அவர் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் சொல்வது அலுமினியம். தப்பில்லை. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம்தான், எவர்சில்வரோ கிட்டத்தட்ட 8 கிராம், வார்ப்பிரும்பு 7 சொச்சம். 26 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு வாணலி இரண்டு கிலோவைத் தாண்டும். அதே அகல அலுமினிய வாணலி பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். அலுமினியத்தில் வாங்குவதென்றால் ஹார்டு அனோடைஸ்டு வாங்குங்கள். மேற்பரப்பு கெட்டியாக இருக்கும், புளிப்பான பொருள்களோடு அவ்வளவாக வினைபுரியாது.

ஆனால் பாத்திரத்தை மட்டும் எடை போட்டுப் பிரயோஜனமில்லை. எந்த உலோகத்தில் ஊற்றினாலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோதான். ஐந்து லிட்டர் பானையில் அரை கிலோ மிச்சம் பிடித்துவிட்டு உள்ளே மூன்று லிட்டர் ஊற்றினால் என்ன லாபம்? அதனால் உலோகத்துக்கு முன்னால் அளவைப் பாருங்கள். ஓரிருவருக்கான சமையல் என்றால் ஒன்றரை, இரண்டு லிட்டர் பாத்திரம் போதும். செட்டாக வாங்கவே வேண்டாம். அதில் பாதி பெரிய பாத்திரங்களாக இருக்கும், பரணுக்குத்தான் போகும்.

அடுத்தது கைப்பிடி. என் கணக்கில் உலோகத்தைவிட இதுதான் முக்கியம். நீளக் கைப்பிடியின் நுனியைப் பிடித்து ஒரு கையால் தூக்கும்போது எடை முழுவதும் தள்ளி நிற்கிறது. அது கீழே சாயாமல் மணிக்கட்டு எதிர்த்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரத்தில் சுமை இரண்டு கைக்கும் பிரிந்துவிடும், முறுக்கலும் இல்லை. வாணலி நீளப் பிடியோடுதான் வேண்டுமென்றால், எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் காது உள்ளதாகத் தேடுங்கள். அந்தக் காதுக்குள் துணி பிடித்த நான்கு விரலும் நுழைகிறதா என்று பார்ப்பது அவசியம். பல பாத்திரங்களில் இரண்டு விரல்தான் போகும்.

பிடி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கம்பிப் பிடியை இறுக்கிப் பிடிக்க விரலை முழுக்க மடக்க வேண்டும், வலிக்கிற மூட்டுக்கு அதுதான் ஆகாது. ஏற்கெனவே இருக்கும் பாத்திரம் என்றால் சிலிகான் உறை மாட்டிப் பிடியைப் பருமனாக்கலாம்.

மூடியை யாரும் கவனிப்பதில்லை. என் மாமியார் முகம் சுளிப்பது பாத்திரத்தைத் தூக்கும்போது அல்ல, மூடியின் உருண்டைக் குமிழைக் கிள்ளி எடுக்கும்போதுதான். விரல் நுனியால் கிள்ளும்போது நுனியில் கொடுக்கும் விசை கட்டைவிரல் அடிமூட்டில் பல மடங்காக விழுகிறது. குமிழுக்குப் பதில் வளைவான பிடி உள்ள மூடியாக வாங்கினோம். இப்போது அந்த வளைவுக்குள் மரக்கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பித் தூக்கிவிடுகிறார், விரலுக்கு வேலையே இல்லை. கண்ணாடி மூடி அழகுதான், ஆனால் கனம். குக்கர் வாங்குவதாக இருந்தாலும் எடையைப் பார்ப்பதற்கு முன் மூடியை எப்படித் திருகி அடைக்கிறது என்று பாருங்கள்.

லேசான பாத்திரத்துக்கு அதற்கே உரிய தொல்லைகளும் உண்டு. அடி மெலிசாக இருந்தால் ஒரே இடத்தில் சூடேறி அடிப்பிடிக்கும், அப்புறம் தேய்த்துக் கழுவுவது யார்? தேய்ப்பதும் அதே விரல்கள்தானே. இதற்காகவே நான்ஸ்டிக் பூச்சு உள்ளதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் டெஃப்லான் வகைப் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சிதையத் தொடங்கும். மெல்லிய வாணலியைக் காலியாகப் பெரிய தீயில் விட்டால் அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் போய்விடும் என்பதை அம்மாவிடம் சொல்லிவையுங்கள். இன்னொன்று, சின்ன வாணலியில் கைப்பிடி கனமாக இருந்தால் அடுப்பில் வைத்ததும் பின்பக்கம் சாயும். கடையிலேயே காலியாகக் கீழே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெறும் அலுமினியம் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிற தகடு பதித்தது வேண்டும், அந்தத் தகடு கொஞ்சம் எடை கூட்டும், வேறு வழியில்லை.

சரி, எவ்வளவு லேசாக வாங்கினாலும் நிறைந்த பாத்திரத்தைத் தூக்காமல் இருப்பதே நல்லது. பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, சின்னக் குவளையால் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். வேகவைத்ததை வடிக்கக் கொதிக்கும் பானையைச் சாய்க்க வேண்டாம், பிடி தளர்ந்தால் காலில்தான் கொட்டும். உள்ளே வைக்கும் வடிகூடை கிடைக்கிறது, உணவோடு கூடையை மட்டும் மேலே எடுத்தால் போதும். சுடுநீர் ஆறிய பிறகு மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கூடையும் கனமாகத் தெரிந்தால் ஓட்டைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

வாங்கும்போது அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கைக்கு எல்லாமே லேசாகத்தான் தெரியும். காலிப் பாத்திரத்தை வைத்து முடிவு செய்யாமல், உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முடக்குவாதம் என்றால் காலையில் விறைப்பு அதிகம் இருக்கும், மதியத்துக்குமேல் கை கொஞ்சம் இளகும். அவர் சமைப்பது காலையில் என்றால் அந்த நேரத்துக் கையால்தான் சோதிக்க வேண்டும். கடை திறந்ததும் போய்விடுங்கள், இல்லையென்றால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கிச் சில நாள் காலையில் புழங்கவிட்டு, அப்புறம் மற்றதை வாங்குங்கள்.