சிலேட்டில் கோவை இலையும் கரும்பலகையில் ஊமத்தை இலையும் ஏன் தேய்த்தார்கள்? இப்போது வீட்டில் செய்து பார்க்கலாமா?

தொடக்கப் பள்ளி என்றதும் கோவை இலை வாசமும், கரும்பலகைக்குக் கரி பூசிய வெள்ளிக்கிழமை மாலையும்தான் நினைவுக்கு வருகின்றன, ஆனால் அதையெல்லாம் எதற்குச் செய்தோம் என்று தெரியவில்லை, பிள்ளைகளுக்கு இப்போது செய்து காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலேட்டைத் தாராளமாகச் செய்து காட்டலாம். பலகைக்கு மட்டும் ஊமத்தையைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

முதலில் சிலேட்டு. கல் சிலேட்டின் பரப்பு, அதில் எழுதும் குச்சியான பல்பத்தைவிடக் கடினம். எழுதும்போது தேய்வது பல்பம். அந்தத் தூள் கல்லின் சொரசொரப்பில் ஒட்டி எழுத்தாகத் தெரிகிறது. ஆகவே சிலேட்டுக்கு இரண்டே எதிரிகள். ஒன்று எண்ணெய்ப் பிசுக்கு. தலைக்கு எண்ணெய் வைத்த கை, எச்சில், சாப்பாட்டுக் கை எல்லாம் பட்டுப் பட்டு மேலே ஒரு மெல்லிய படலம் படியும். அப்புறம் பல்பம் பிடிக்காது, வழுக்கும். மற்றொன்று கீறல். கல்லும் மண்ணும் கலந்த மட்டமான பல்பம் எழுதுவதற்குப் பதில் கிழிக்கும். அந்தக் கோடுகளில் வெள்ளைத் தூள் போய் உட்கார்ந்துகொண்டால் எத்தனை துடைத்தாலும் சிலேட்டு சாம்பல் நிறமாகவே தெரியும்.

கோவை இலையும் கரியும் இந்த இரண்டுக்கும் மருந்து. இலைச்சாறு தூளைத் திரட்டி எடுக்கும். நுண்ணிய கரி பிசுக்கை உரசி எடுப்பதோடு கீறல்களுக்குள் இறங்கிக் கறுப்பாக்கும். வெறும் தண்ணீரால் துடைத்த சிலேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் காய்ந்த பிறகு பளிச்சென்று தெரியும்.

செய்முறை இது. வேலியில் படரும் கோவைக்கொடியில் முற்றிய பச்சை இலையாக ஐந்தாறு பறியுங்கள். ஐந்து முனை கொண்ட இலை, வெள்ளைப் பூ, வெண்கோடு போட்ட பச்சைக் காய், பழுத்தால் செக்கச் சிவப்பு. கொழுந்தில் சாறு குறைவு, பழுத்த இலை நாராகிவிடும். சிலேட்டைக் காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, உள்ளங்கையில் கசக்கிய இலையால் வட்ட வட்டமாகத் தேயுங்கள். சாறு பரவியதும் ஒரு சிறு விறகுக்கரித் துண்டை அந்த ஈரத்திலேயே தேய்த்தால் கறுப்புக் குழம்பு வரும். சட்டத்தின் ஓரம் வரை அதை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் நிழலில் வையுங்கள். பிறகு தண்ணீர் விட்டு நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அலசுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அலசாமல் காயவிட்டால் பச்சைச் சாறு ஒரு தோல்போலப் படிந்து, பல்பம் மறுபடியும் வழுக்கும். அதேபோல் கரியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு மணல் துகள் போதும், புதுக் கீறல் விழுந்துவிடும். மினுமினுப்பு வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது செய்யவே கூடாத வேலை. பார்க்க அழகாக இருக்கும், எழுத்து விழாது.

ஈரச் சிலேட்டில் எழுதினால் எழுத்து மங்கலாகவும், காயக் காய வெள்ளையாகவும் தெரியுமே, நினைவிருக்கிறதா? பல்பத் தூளின் இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பியிருக்கும்வரை ஒளி அவ்வளவாகச் சிதறாது. தண்ணீர் ஆவியானதும் வெண்மை வந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான சோதனை இது.

இதெல்லாம் கல் சிலேட்டுக்கு மட்டும். தகரச் சிலேட்டில் இருப்பது கறுப்புப் பெயின்ட். கரி போட்டுத் தேய்த்தால் பெயின்ட் உரிந்து துருப்பிடிக்கும். அதற்கு ஈரத்துணி போதும். கல் சிலேட்டு கீழே விழுந்தால் உடையும் என்பதால்தான் தகரம் வந்தது, ஆனால் எழுதும் சுகம் கல்லில்தான். ஆந்திராவின் மார்க்காபுரம் கல் சிலேட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். வாங்கும்போது சட்டத்தின் நான்கு மூலைகளையும் அசைத்துப் பாருங்கள். மூலை ஆடினால் கல் சட்டத்துக்குள் இடிபட்டு விளிம்பில் பெயரத் தொடங்கும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோவை இலையின் இடத்தில் மஷித்தண்டு. நீர் நிறைந்த தண்டு, ஒடித்துத் தேய்த்தால் போதும்.

பல்பம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலப்பம் என்றும் சொல்வதுண்டு. கன்னடத்தில் பளப என்றாலே மாக்கல் என்கிற மென்மையான கல்தான். மென்மையான வெள்ளைக் குச்சி எழுத நல்லது, சீக்கிரம் தேயும். சாம்பல் நிறக் கல்குச்சி நீண்டநாள் வரும், ஆனால் கீச்சிடும். அந்தக் கல்குச்சிக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் குச்சி அறுத்த தொழிலாளர்கள் கல்தூசியைச் சுவாசித்தே சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குப் பலியானார்கள். நம் நினைவில் இனிக்கிற ஒரு பொருளின் விலை அது, மறக்கக் கூடாது. இன்னொன்று: பல்பத்தைத் தின்னும் பழக்கத்தைச் சிரித்துக் கடக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளிடம் மண், சாம்பல், பல்பம் தின்னும் ஆசை வருவதுண்டு. உங்கள் பிள்ளை தின்றால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இனி கரும்பலகை. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரி அல்லது கொட்டாங்கச்சிக் கரியையும் அம்மியில் அரைத்துப் பூசுவார்கள். தீர்ந்துபோன டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை உடைத்து, உள்ளிருக்கும் கறுப்புத் தூளையும் சேர்ப்பதுண்டு. வெள்ளிக்கிழமை மாலை பூசுவதற்குக் காரணம் எளிது: இரண்டு நாள் யாரும் கை வைக்காமல் காய வேண்டும்.

ஊமத்தை நஞ்சு. அரைத்த கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பேட்டரித் தூளில் மாங்கனீசு டைஆக்சைடு இருக்கிறது, அதைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. அந்தக் காலத்தில் சிறுவர்களை வைத்தே இதைச் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். கோவை இலையை வைத்தே பலகைக்கும் செய்யலாம்.

சிறிய மரப்பலகைக்கு இரண்டு கை இலை, ஒரு கை சலித்த கரித்தூள். தோசைமாவுப் பதத்துக்கு அரையுங்கள். பலகையைக் கழுவி முழுதாகக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுருட்டி மேலிருந்து கீழாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் குறுக்காக ஒரு பூச்சு. இலை கூடினால் பலகை பச்சையாகி ஒட்டும். கரி கூடினால் திங்கட்கிழமை முதல் துடைப்பிலேயே டஸ்டர் கறுப்பாகும், பலகை வெளுக்கும். மழைக்காலத்தில் பூச வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி சாக்பீஸ் வழுக்கும்.

காய்ந்த பலகையில் நேராக எழுதத் தொடங்கிவிடாதீர்கள். சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் முதலில் எழுதிய "அ" அழித்தபின்பும் நிழலாக நின்றுவிடும்.

சிலேட்டும் பலகையும் வருவதற்கு முன் நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். மதராஸில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்து அங்கே புகுத்தி, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். சிலேட்டு கிடைக்காத ஊரில் இருந்தால் ஒரு தாம்பாளத்தில் சலித்த மணலை விரல் நகம் மறையும் அளவுக்குப் பரப்புங்கள். தட்டை ஒருமுறை குலுக்கினால் அழிந்துவிடும்.