ராஜினாமா கடிதத்துக்கு முன்: சர்வதேசப் பள்ளி வேலை குறித்துக் கேள்வி பதில்

பதினாறு ஆண்டுகளாக, எனக்குக் குடியுரிமை இல்லாத மூன்று நாடுகளில் வேதியியல் கற்பித்துவருகிறேன். கடைசி ஆறு ஆண்டுகள் பள்ளியின் ஆசிரியர் தேர்வுக் குழுவிலும் அமர்ந்திருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், பி.எட். முடித்து ஏழு ஆண்டுகளாகக் கணிதம் எடுக்கிறேன். வெளிநாட்டுப் பள்ளி வேலையை எங்கே தேடுவது?

முதலில் பள்ளிகளைத் தேடுங்கள், பிறகு வேலையை. 'சர்வதேச' என்ற சொல்லை எந்தப் பள்ளியும் தன் பெயரில் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் யார் அங்கீகரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐபி எனப்படும் இன்டர்நேஷனல் பக்கலாரியட் அமைப்பு தன் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளின் பட்டியலை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. சிஐஎஸ் எனப்படும் சர்வதேசப் பள்ளிகள் மன்றத்திடமும் உறுப்பினர் பட்டியல் உண்டு. இவற்றிலிருந்து முப்பது பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். என் மூன்று வேலைகளில் இரண்டு இப்படி நேரடியாகக் கிடைத்தவைதான்.

இதோடு டெஸ், டிஐஇ, டீச்சர் ஹொரைசன்ஸ், ஷ்ரோல், சர்ச் அசோசியேட்ஸ் ஆகிய ஆசிரியர் வேலைவாய்ப்புத் தளங்களில் பதிந்துவையுங்கள். கடைசியாகச் சொன்ன நிறுவனம் உங்கள் மேலாளர்களிடமிருந்து ரகசியப் பரிந்துரைகளை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே பள்ளிகளுக்கு உங்களைக் காட்டும். எனவே வேலை தேடத் தொடங்கும் நாளில் அல்ல, அதற்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: ஏப்ரலில் இருபது விண்ணப்பம் போட்டேன். ஒரு பதிலும் வரவில்லை. என்னிடம்தான் குறையா?

குறை காலத்தில்தான். வட அரைக்கோளத்துச் சர்வதேசப் பள்ளிகளில் கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும். ஆனால் அடுத்த ஆண்டு இருப்பீர்களா, போவீர்களா என்று பள்ளிகள் தங்கள் ஆசிரியர்களிடம் அக்டோபர், நவம்பரிலேயே கேட்டுவிடும். அந்தப் பதில் கைக்கு வந்ததும் விளம்பரம் வரும். நல்ல இடங்களில் பெரும்பகுதி பிப்ரவரிக்குள் நிரம்பிவிடும். ஏப்ரலுக்குப் பிறகு வருபவை பெரும்பாலும் திடீர் காலியிடங்கள்: ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டிருக்கும், இன்னொருவர் வீட்டுச் சூழலால் விலகியிருப்பார். அவையும் உண்மையான வேலைகள்தாம். ஆனால் பள்ளி அவசரத்தில் இருக்கும், உங்களுக்கு யோசிக்க நேரம் தராது. செப்டம்பரில் சுயவிவரம் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, என் கடவுச்சீட்டைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. இது உண்மையா?

சில இடங்களில் உண்மை. அதை மூடி மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சட்டம். சீனாவில் ஆங்கில மொழி கற்பிக்கும் பணிக்கு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களையே பொதுவாக ஏற்கிறார்கள். தென்கொரியாவில் ஆங்கிலப் பயிற்றுநர்களுக்கான இ-2 விசாவும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே பள்ளி விரும்பினாலும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே நாடுகளில் இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. அங்கே எடைபோடப்படுவது பட்டமும் அனுபவமும்தான்.

இரண்டாவது வகை, பெற்றோர் முன் எந்த முகத்தை நிறுத்துவது என்ற பள்ளியின் கணக்கு. இது அநியாயம். தேர்வுக் குழுவில் ஒருமுறை, மிகச் சிறந்த ஒரு விண்ணப்பத்தை 'பெற்றோர் வேறு மாதிரி எதிர்பார்ப்பார்கள்' என்று ஒருவர் ஓரமாகத் தள்ளினார். நான் அதை மறுபடி நடுவில் வைத்தேன். அந்த ஆசிரியருக்கு நேர்காணல் நடந்தது, வேலையும் கிடைத்தது. எல்லா மேசையிலும் அப்படி நடக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பள்ளியின் ஆசிரியர் பக்கத்தைத் திறந்து பெயர்களையும் அவர்கள் படித்த இடங்களையும் பாருங்கள். ஐம்பது பேரும் இரண்டே நாட்டவராக இருந்தால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். பல நாட்டவர் கலந்திருக்கும் பள்ளிகள் நிறையவே இருக்கின்றன. அவை ஆளைத் தேடுவது பாடத்துக்காக.

கேள்வி: ஐபி அனுபவம் கேட்கிறார்கள். எனக்கு அது இல்லை. சான்றிதழ் வகுப்பில் சேரலாமா?

பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைப் படியுங்கள். நீங்கள் கணித ஆசிரியர் என்றால், ஐபியின் டிப்ளமா நிலையில் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள்) 2019 முதல் கணிதம் இரண்டு பாடங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒன்று இயற்கணித வழிமுறைகளிலும் நிரூபணங்களிலும் ஊன்றியது. மற்றொன்று புள்ளியியல், மாதிரியமைத்தல், நடைமுறைப் பயன்பாடு சார்ந்தது. மாணவர் தானே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து எழுதும் அகமதிப்பீட்டுக் கட்டுரையும் உண்டு. நேர்காணலில் 'அதற்கு எப்படி வழிகாட்டுவீர்கள்?' என்பது கட்டாயம் வரும்.

என் முதல் நேர்காணலில் எனக்கும் ஐபி அனுபவம் இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை நாள்பட எப்படி மாறுகிறது என்று தானாக அளந்து எழுதிய நான்கு பக்கங்களை, அவள் பெயரை மறைத்துவிட்டுக் காட்டினேன். எந்த இடத்தில் அவளுக்கு உதவினேன், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அனுபவம் பற்றி யாரும் கேட்கவில்லை. உங்கள் வகுப்பறையிலும் இப்படி ஒன்று இருக்கும். தேடி எடுங்கள்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஐபிக்கு மாறுவதும் பலர் நடந்த பாதைதான்.

கேள்வி: இங்கிலாந்தின் க்யூடிஎஸ் எனப்படும் ஆசிரியர் தகுதி எனக்குக் கிடைக்குமா? வெளிநாட்டில் தானே வேலை?

2023 முதல் இங்கிலாந்துக்கு வெளியே தகுதி பெற்ற ஆசிரியர்களுக்கு அந்த வாசல் அகலத் திறந்திருக்கிறது. இந்தியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் தகுதி பெற்றவர்களும் கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகளை இங்கிலாந்து அரசின் தளத்திலேயே படியுங்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் எங்கிருந்தாலும் இதைத் தேடிப் பார்க்கும். ஒரு எச்சரிக்கை: இணையவழியில் தரப்படும் 'பிஜிசிஇ இன்டர்நேஷனல்' என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேறு, க்யூடிஎஸ் வேறு. அந்தப் படிப்பு மட்டும் இந்தத் தகுதியைத் தந்துவிடாது.

கேள்வி: சுயவிவரத்தில் ஓர் ஆண்டு இடைவெளி இருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன். மறைத்துவிடலாமா?

மறைக்கவே வேண்டாம். 'தாயாரின் பராமரிப்பு' என்று மாதத்தோடு ஒரே வரியில் எழுதுங்கள். 2014-இல் சர்வதேசப் பள்ளி அமைப்புகள் ஒன்றுகூடிக் குழந்தைப் பாதுகாப்புக்கெனத் தனிப் பணிக்குழு அமைத்தன. அதற்குப் பிறகு பொறுப்புள்ள பள்ளிகள் ஒவ்வோர் இடைவெளியையும் விசாரிக்கின்றன. வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்றிதழ் கேட்கும், முன்னாள் மேலாளரைத் தொலைபேசியில் அழைக்கும். இது சலிப்பூட்டலாம். ஆனால் இது எதையும் கேட்காமல் வேலை தரும் பள்ளியைக் கண்டுதான் நான் பயப்படுவேன். அங்கே பிள்ளைகளை யார் கையில் விடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு முகவர் 'வேலை உறுதி' என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. சில நல்ல நிறுவனங்கள் பதிவுக் கட்டணம் வாங்குவது உண்டு. ஆனால் எவரும் வேலையை உறுதி செய்து பணம் கேட்பதில்லை. அமீரகச் சட்டப்படி, ஆள்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் வசூலிக்க முதலாளிக்கு உரிமையே இல்லை. வேலைக் கடிதம் வந்தால், அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பள்ளியின் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் வந்துவிட்டது. சம்பளம் நன்றாக இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

சம்பளத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு? அமீரகத்தில் ஓராண்டு முடித்தால் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகையை மட்டும் பெரிதாகக் காட்டி அடிப்படையைச் சிறிதாக வைத்திருந்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

அடுத்து வீடு. பள்ளி வீடு தருகிறதா, பணம் தருகிறதா? பணம் என்றால் மாதாமாதமா, முன்கூட்டியா? வாடகையை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ சேர்த்துக் கேட்கும் ஊர்களில் இந்த ஒரு வரி உங்கள் முதல் மாதத்தையே தீர்மானிக்கும். பிள்ளைகள் இருந்தால், கட்டணச் சலுகை எத்தனை சதவீதம், இடம் உறுதியா என்று எழுத்தில் கேளுங்கள். 'இடம் இருந்தால்' என்ற இரண்டு சொல்லால் கண்ணீர் விட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

நீங்கள் வெளிநாட்டிலிருந்து எடுக்கப்பட்டவரா, உள்ளூர் நியமனமா என்பதையும் பாருங்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஒப்பந்தங்கள் வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. துணைவரின் விசாவில் அங்கே போய் வேலை தேடுபவருக்கு விமான டிக்கெட்டும் வீடும் பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: சான்றிதழ்களுக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்?

நினைப்பதைவிட அதிகம். உங்கள் நாடும் போகும் நாடும் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், ஆவணம் உண்மையானது என்று உங்கள் அரசு இடும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே பொதுவாகப் போதும். சீனாவில் 2023 நவம்பர் 7 முதல் இந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, ஆனால் எல்லா நாட்டுச் சான்றிதழ்களுக்கும் அது பொருந்தாது. அமீரகம் போன்ற நாடுகளுக்கு உங்கள் வெளியுறவுத் துறை, அந்நாட்டுத் தூதரகம், பிறகு அங்குள்ள அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். தாய்லாந்தில் ஆசிரியர் மன்றமான குருசபாவின் உரிமமோ தற்காலிக அனுமதியோ தனியாக வேண்டும். பட்டச் சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாக இருந்தால் அதைச் சரிசெய்யவே வாரங்கள் ஓடிவிடும்.

கேள்வி: எனக்கு வயது 57. தாமதமாகிவிட்டதா?

பள்ளியைவிட விசா விதிதான் இங்கே முடிவு செய்யும். சில நாடுகளில் 60 வயதை ஒட்டிப் பணி அனுமதி கடினமாகிவிடும். நாட்டை முதலில் தேர்ந்தெடுங்கள், பிறகு பள்ளியை.

கேள்வி: சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்கள், வந்ததும் மாற்றித் தருவார்களாம். அடுத்த திங்கட்கிழமை இங்கே ராஜினாமா கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

தம்பி, திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

என் இரண்டாவது வேலைக்கு நான் அப்படித்தான் போனேன். 'அடுத்த வாரம் மாறிவிடும்' என்று பதினொரு வாரம் சொன்னார்கள். அரசு ஆய்வாளர்கள் சோதனைக்கு வந்த ஒரு காலையில் என்னை நூலகத்தின் பின்னறையில் போய் உட்காரச் சொன்னார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் எங்கே என்று கேட்டபடி தாழ்வாரத்தில் போனது காதில் விழுந்தது. தவறு செய்தவளைப் போல அந்த அறையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். மாதக் கடைசியில் விலகினேன். அந்த டிக்கெட் செலவும் என்னுடையதே.

சில நாடுகளில், வந்த பிறகு விசா வகையை மாற்றச் சட்டமே இடம் தருகிறது. உங்களைக் கூப்பிடும் நாடும் அப்படி இருக்கலாம். எனவே இன்று பள்ளிக்கு மூன்று கேள்விகளை எழுதுங்கள்: எந்த வகை விசா, யார் விண்ணப்பிக்கிறார்கள், பணி அனுமதி கைக்கு வரும் முன் என்னை வகுப்பில் நிறுத்துவீர்களா? பதிலை அந்நாட்டுத் தூதரகத்தின் தளத்தோடு ஒப்பிடுங்கள். பதில் வரும்வரை இங்கே உங்கள் வகுப்பை நடத்திக்கொண்டிருங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.