கிராஸ் மாற்றுவது வீட்டில், பேலன்சிங் கடையில்

பழைய பொலிரோவில் கிளட்ச் விடும்போது 'டங்' என்று சத்தம், அறுபதுக்கு மேல் அதிர்வு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டை நானே பிரிக்கலாமா என்று தேவகோட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

முதலில் வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள் அண்ணே. ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டான கிராஸில் மட்டும் ஆட்டம் இருந்தால் தாராளமாக நீங்களே மாற்றலாம். ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் பல் வெட்டிய இணைப்பான ஸ்லிப் ஸ்ப்ளைன் தேய்ந்திருந்தாலோ குழாய் வளைந்து நெளிந்திருந்தாலோ கழற்றியதை அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றும் முன் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். ஷாஃப்ட் இல்லாத வண்டி கியரில் போட்டாலும் நிற்காது, உருளும். அப்புறம், ஸ்ப்ளைனின் இரண்டு பக்கத்திலும் பெயின்டால் ஒரு கோடு. நான் ஒருமுறை கோடு போடாமல் பிரித்து, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். புது கிராஸ் போட்டும் அதிர்வு முன்னைவிட மோசம்.

கிராஸின் முனைகளில் மாட்டும் பேரிங் கிண்ணத்தை வைஸில் (மேசை இடுக்கியில்) மெதுவாக அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். உள்ளே பேரிங் ஊசி ஒன்று சாய்ந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது, அதைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் பள்ளத்தில் உட்காராது. அங்கே நிறுத்திப் பிரித்து, கிரீஸ் தடவி ஊசிகளை நிமிர்த்துங்கள். இந்த வேலையை வீட்டு முகப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்; ஆத்தங்குடி கல்லில் கிரீஸ் இறங்கினால் வீட்டில் வாங்கும் திட்டு தனி.

மாட்டிய பிறகும் அதிர்ந்தால் பேலன்சிங்தான், அதாவது ஷாஃப்டின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது. அதற்கு மெஷின் வேண்டும், மதுரையோ திருச்சியோ போகத்தான் வேண்டும். ஸ்ப்ளைன் ஆட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.